விற்கத் தெரிந்த சிங்களம் போதுமா?

நாம் வியாபாரச் சமூகம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாஷையில் பேசிப் பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பதும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு. கிழக்கிலிருந்து புறக்கோட்டைக்கு வேலைக்கு வரும் ஒரு பொடியன் ஆறு மாதத்தில் சிங்களத்தில் விலை சொல்வான், பேரம் பேசுவான், மிச்சக்காசு எண்ணிக் கொடுப்பான். அது போதும் என்று முதலாளிமார் பலரும் நினைக்கிறார்கள். போதாது என்பதே எனது கருத்து.

விலை சொல்ல வேண்டிய மொழி வேறு. கோபத்தோடு நிற்கும் கஷ்டமருக்குப் பதில் சொல்ல வேண்டிய மொழி வேறு. முதலாவது அன்றாடம் பழகுவதால் தானாக வந்துவிடுகிறது. இரண்டாவது எப்போதாவது ஒரு நாள்தான் தேவைப்படும். ஆனால் அந்த ஒரு நாளில் அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் கண்டோம்.

அங்கே முஸ்லிம் ஒருவரின் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டு மருந்துதானே என்று சிங்களத்தில் அதட்டிக் கேட்டார்கள். காசு மேசையில் இருந்த சகோதரருக்குச் சிங்களம் அரைகுறை. மிரட்டலுக்கு நடுவில், கேள்வி சரியாக விளங்காமலே, போட்டோம் என்று பொருள்படப் பதில் சொல்லிவிட்டார். அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். ஹோட்டலும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு அறிக்கை கொடுத்தது. அப்படி மலடாக்கும் மருந்தே கிடையாது என்று வைத்தியர்களும் விளக்கினார்கள். அதற்குள் வீடியோ நாடு முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் கலவரம் வெடித்தது. அதன் உடனடிக் காரணம் வேறு என்றாலும், இந்த வதந்தியும் அந்த நெருப்புக்கு எண்ணெயாகியது.

அந்தச் சகோதரருக்கு நல்ல சிங்களம் தெரிந்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்று நான் சொல்லவில்லை. கலகம் செய்ய வந்தவன் வேறு சாட்டுத் தேடியிருப்பான். குற்றம் தாக்கியவர்களுடையது, தாக்கப்பட்டவருடையது அல்ல. ஆனாலும் அந்த ஒற்றைப் பதிலை நாம் அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே எமது கடைகளில் முதலில் நிறுத்த வேண்டியது, விளங்காமல் ‘ஹரி’ சொல்லும் பழக்கத்தை. எமது ‘சரி’யைப் போலவே ஒலிப்பதால் அது வாயில் இலகுவாக வந்துவிடுகிறது. சுகாதாரப் பரிசோதகர் கேட்டாலும் ‘ஹரி’, கஷ்டமர் குறை சொன்னாலும் ‘ஹரி’. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிப்பந்திக்கும் மூன்று வசனங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ‘மட தேருனே நே’, எனக்கு விளங்கவில்லை. ‘ஆயெத் கியன்ன’, மறுபடியும் சொல்லுங்கள். ‘முதலாலிட கதா கரன்னம்’, முதலாளியைக் கூப்பிடுகிறேன். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை என்பதை முதலாளிதான் சிப்பந்திக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னதற்காக ஏச்சு வாங்கியவன் அடுத்த முறை ‘ஹரி’ என்றுதான் சொல்வான்.

சிங்களம் மட்டும்தான் பிரச்சினை என்றும் எண்ண வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எமது கடைகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். ஒரே மொழி, ஆனால் ஒரே பேச்சு அல்ல. ‘தாத்தா’ என்றால் எம்மவர்களுக்கு மூத்த சகோதரி, மலையகத்திலிருந்து வந்த பையனுக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன். மூவரும் ஒரே கடையில் வேலை செய்கிறார்கள். ‘முதலாளி உங்களோடு பேச வேண்டுமாம்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது ஏச்சு வாங்கப் போவதுபோல் கேட்கும். அங்கே பேசுவது என்றால் ஏசுவது, கதைப்பதுதான் கதைப்பது. இவை சிரிப்பதற்குரிய சின்ன விடயங்கள்தான். ஆனால் நல்ல ஒரு விற்பனைப் பிள்ளை மனம் நொந்து நின்றுவிட இவையே போதும்.

பேச்சைப் போலவே பழக்க வழக்கமும். வெள்ளிக்கிழமை சைவமாக இருக்கும் கஷ்டமர், மரக்கறிக்குத் தனிக் கரண்டியா என்று கேட்டால் அது எம்மை இழிவுபடுத்தும் கேள்வி அல்ல. ஹலாலா என்று நாம் மற்றவர் கடையில் கேட்பதும் அப்படித்தானே? ஜும்ஆவுக்குக் கதவை இழுத்து மூடிவிட்டுப் போகிறோம். எத்தனை மணிக்குத் திறப்போம் என்று மூன்று மொழியிலும் ஒரு அட்டை தொங்கவிட என்ன செலவு? நோன்பு மாதத்தில் மாற்று மதச் சிப்பந்திகள் பகலில் ஒளிந்து சாப்பிட வேண்டிய நிலை சில கடைகளில் இருக்கிறது. அவர்களுக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் கேட்குமுன்னே லீவு கொடுத்துப் பாருங்கள், பெருநாள் நெரிசலில் அவர்கள் தாமாக நின்று வேலை செய்வார்கள்.

அரசாங்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால் இது நடக்காது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகியது. 2007இல் வந்த சுற்றுநிருபத்தின்படி, அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு சேரும் அரச ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. அது காகிதத்தில் இருக்கிற அளவுக்கு கவுன்டரில் இல்லை என்பது அலுவலகங்களுக்கு ஏறி இறங்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரச ஊழியருக்காவது ஒரு சுற்றுநிருபம் இருக்கிறது. எமது கடைக்கு யார் சுற்றுநிருபம் அனுப்புவது? நாமேதான்.

வழி கடினமானதல்ல. கடைத்தெருவில் அயலயலாக உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு சிங்கள ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் அழைக்கலாம். பாடம் புத்தகத்திலிருந்து வேண்டாம். பழுதான சாமானைத் திருப்பிக் கொண்டு வந்தவரிடம் என்ன சொல்வது, பில்லில் பிழை என்றால் என்ன சொல்வது என்பதே பாடமாக இருக்கட்டும். சிங்களச் சிப்பந்திகள் இருந்தால் அவர்களும் அதே வகுப்பில் தமிழ் படிக்கட்டும். இரு பக்கமும் தடுமாறும்போதுதான் ஒருவர் மீது ஒருவருக்கு இரக்கம் வரும்.

இது எமக்குப் புதிய பாடமும் அல்ல. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டு கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனத் தளபதி செங் ஹே கொண்டு வந்தது, 1409ஆம் ஆண்டு திகதியிடப்பட்டது. அதில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் மரியாதை செய்யப்பட்டிருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் கரையில் இருந்தவர்களிடம் அவரவர் மொழியில், அவரவர் மதிப்பதை மதித்துப் பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைப் படித்துக்கொள்ளுமாறு ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களைப் பணித்ததும், அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுக்கொண்டதும் ஹதீஸில் வருகிறது. வருகின்ற கடிதத்தை விளங்கவும் பதில் எழுதவும் பிறரை நம்பியிருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

வரும் வாரத்தில் உங்கள் கடையில் காசு மேசையில் இருப்பவரிடம் சிங்களத்தில் ஒரு முறைப்பாடு சொல்லிப் பாருங்கள். அவர் ‘ஹரி’ என்றால், அன்றைக்கே வகுப்பைத் தொடங்குங்கள்.