யார் அந்தக் கண்டியர்?
கண்டியில் குடியிருப்போர் எல்லோரையும் 'கண்டியர்' என்றால் போதுமாம். வாதம் சுருக்கமானது, பிழையானதும்கூட.

ஆங்கிலேயர் அச்சொல்லால் குறித்தது நகரவாசியை அல்ல, மலைநாட்டுச் சிங்களவரை. குடிசன மதிப்பீடுகளிலும் கண்டிச் சிங்களவரும் கரைநாட்டுச் சிங்களவரும் தனித்தனியே எண்ணப்பட்டனர். நகரில் கடை வைத்திருந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் இடமே இல்லை.

'கண்டி'யே மலையைக் குறிக்கும் 'கந்த' என்ற சிங்களச் சொல்லின் திரிபு. நகரைச் சிங்களவர் மஹநுவர, அதாவது பெருநகர் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளருக்கோ மலையகம் முழுவதுமே கண்டிச் சீமை!

ஆனால் குடியிருக்கும் ஊரால் ஒருவரை அழைப்பதும் புதிதல்ல. 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் குண்டசாலையில் வசித்ததால் 'குண்டசாலை அரசன்' ஆனான். கண்டி மன்னனுக்கே அவன் குடியிருந்த ஊர்தான் பெயர் தந்தது.

ஆகவே நகரவாசிகளைக் 'கண்டிக்காரர்' என்று பேச்சுத்தமிழில் சொல்லிப் பாருங்கள். யாரும் விடுபடவில்லை.