தன்னுச்சமும் தரவரிசையும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடி, தம் பழைய நேரத்தில் முப்பது விநாடியைக் குறைத்துவிட்ட ஒருவர் அதைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால், பல்கலைக்கழக வட்டாரத்தில் அதற்கு இருவகை எதிர்வினை வரும். ஒன்று விருப்பக்குறி, மற்றொன்று கோட்பாடு. நவதாராளவாதம் உடலையும் உற்பத்திக் கருவியாக்கிவிட்டது. கைக்கடிகாரம் என்பது மிஷேல் பூக்கோ விவரித்த கண்காணிப்புக் கோபுரத்தின் சிறு வடிவம். ஓடுபவர் தம்மைத் தாமே தணிக்கை செய்துகொள்ளும் சிறுமுதலாளி. கருத்தரங்குகளிலும் தேநீர்க் கடைகளிலும் இவ்வாசகங்கள் மனப்பாடமாகிவிட்டன. இவற்றில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தைப் போர்த்தி முழு விஷயத்தையும் மறைத்துவிடுவதுதான் பிழை.

ஓட்டக்காரர்கள் ‘பெர்சனல் பெஸ்ட்’ என்று சொல்வதைத் தமிழில் தன்னுச்சம் எனலாம். குறிப்பிட்ட தொலைவை ஒருவர் தம் வாழ்நாளில் ஓடி முடித்த ஆகக் குறைந்த நேரமே அது. ஆங்கிலத்தில் ‘பெஸ்ட்’ என்று சொல்லிவிட்டு, எதைவிட என்பதைச் சொல்லாமலே நகர்ந்துவிடலாம். தமிழ்ப் பெயரடைக்கு அத்தகைய விகுதி கிடையாது. ‘மிக’ என்றொரு சொல்லை முன்னே வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் ஒப்பீடு என்று வந்துவிட்டால் ‘விட’ வேண்டும், ‘காட்டிலும்’ வேண்டும், அவற்றுக்கு முன்னே ஒப்பிடப்படும் பொருளும் வேண்டும். ‘எதைவிட?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் தமிழில் ஒப்பிட இயலாது. தன்னுச்சத்தைக் கேலி செய்வோர் கேட்கத் தவறுவது இந்தக் கேள்வியைத்தான். தரவரிசை ‘பிறரைவிட’ என்கிறது. தன்னுச்சம் ‘முன்பிருந்த தன்னைவிட’ என்கிறது. முதலாவதில் ஒருவர் ஏற வேறொருவர் இறங்கியாக வேண்டும். இரண்டாவதில் இருநூறு பேர் ஒரே காலையில் தத்தம் உச்சத்தைத் தொடலாம். எவரும் எதையும் இழப்பதில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல்விளையாட்டன்று என்பதை ‘பார்க்ரன்’ இயக்கம் நடைமுறையில் காட்டியது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய அந்த வாராந்தர ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல நாடுகளில், தன்னார்வலர்களால், கட்டணமின்றி நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அது தன் இணையதளத்திலிருந்து தடச்சாதனைகளையும், அதிவேக ஓட்டக்காரர் பட்டியல்களையும், அதிக முறை முதலில் வந்தோர் விவரத்தையும் நீக்கியது. பெருஞ்சச்சரவு எழுந்தது. அளவீட்டையே ஒழித்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது; போட்டி மனப்பான்மை ஒழிந்தது என்று மறுதரப்பு மகிழ்ந்தது. ஆனால் ஓடுபவர் ஒவ்வொருவரின் நேரமும் தன்னுச்சக் குறிப்பும் அப்படியே நீடித்தன. அளத்தல் வேறு, அடுக்குதல் வேறு என்பதே அந்த முடிவின் சாரம். இரு தரப்பும் அதைக் கவனிக்கவில்லை.

நம் கல்வி நிறுவனங்களோ இதற்கு நேரெதிராக நடந்துகொள்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியரின் கல்விப்பணியை மதிப்பெண்களாக்கியது. தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் நிறுவனங்களை வரிசைப்படுத்தி வருகிறது. விளைவு ஊரறிந்தது: பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின, ஓர் ஆய்வு நான்கு கட்டுரைகளாகத் துண்டாடப்பட்டது. இந்த அடுக்கலுக்குப் பணிந்து படிவம் நிரப்பும் கை, அதே மாலையில் ஓட்டக்காரரின் கைக்கடிகாரத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதுகிறது. அந்தக் கட்டுரைக்கும் மதிப்பெண் உண்டு.

அளவீடு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிக்காது என்ற கருத்து இங்கே எதிர்வாதமாக வைக்கப்படலாம். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை குறித்து முன்வைத்ததை, மானிடவியலாளர் மர்லின் ஸ்ட்ராதெர்ன் 1997-இல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத் தணிக்கைகளுக்குப் பொருத்திக் காட்டினார். கட்டுரை எண்ணிக்கைக்கு இது முற்றிலும் பொருந்தும். ஏனெனில் எண்ணிக்கை என்பது அறிவுக்குப் பதிலியாக நிற்பது. பதிலியைப் பெருக்க அறிவு பெருக வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டரை 27 நிமிடத்தில் ஓடியது எதற்கும் பதிலியன்று, அதுவே அச்செயல். அதை வேறொருவரைக் கொண்டு எழுதிவாங்க முடியாது. இணையாசிரியராகப் பெயர் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அதே நேரத்தை உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ சான்றாகக் காட்டத் தொடங்கும்போதுதான் குட்ஹார்ட்டின் எச்சரிக்கை உயிர்பெறுகிறது. காயம்பட்ட முழங்காலோடு ஓடி நேரத்தைக் குறைப்பவர் அந்தக் குழப்பத்தின் பலி. அவரைக் காட்டி அளவீட்டைக் குற்றம் சொல்வது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது.

தன்னுச்சம் பொருள்பட வேண்டுமானால் தொலைவு மெய்யாக இருக்க வேண்டும். சாலை ஓட்டத் தடங்களை முறையாக அளப்பவர்கள் மிதிவண்டியின் முன்சக்கரத்தில் சுழற்சி எண்ணும் சிறு கருவியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்பாதையில் அதைச் சரிபார்த்து, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டிச் செல்கிறார்கள். தடம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் கொள்கிறார்கள். இந்த அக்கறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் மாரத்தான் சாட்சி. 2013, 2014, 2015 ஆகிய மூன்றாண்டுகளின் தடம் 380 மீட்டர் குறைவு என்பது 2016-இல் வெளியானது. ஆயிரக்கணக்கானோர் தாம் செய்யாத பிழைக்காகத் தம் உச்சங்களை இழந்தார்கள். நம் நகரங்களின் வார இறுதி ஓட்டங்கள் பலவும் பதக்கத்தின் எடையையும் சட்டையின் நிறத்தையும் விரிவாக விளம்பரம் செய்கின்றன. தடத்தை யார், எப்படி அளந்தார்கள் என்ற ஒரு வரியைக் கேட்க வேண்டிய இடம் அதுவே.

தன்னுச்சம் முடிவற்ற வளர்ச்சி என்னும் முதலாளிய மாயையின் உடல்வடிவம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உண்மை இதற்கு மாறானது. வாரந்தோறும் ஓடுபவர் பெரும்பாலான வாரங்களில் தம் உச்சத்தைத் தொடாமலே வீடு திரும்புகிறார். முப்பதுகளைத் தாண்டியபின் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத்திறன் படிப்படியாகக் குறைகிறது. ஒருநாள் வந்த உச்சம் இனி ஒருபோதும் திரும்பாது. அது வந்தபோது அதுவே கடைசி என்று தெரிந்திருக்காது. காலாண்டுதோறும் வளர்ச்சி காட்டும் எந்த நிறுவனமும் இத்தகைய கணக்கை ஏற்காது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் வகுக்கிறது. ஒப்பும் எல்லையும் ஒரே உருபில் குடியிருப்பதை ஓட்டக்காரர் தம் காலால் அறிகிறார்.

முதுமையில் மாரத்தான் ஓடத் தொடங்கிய பௌஜா சிங் 2003-இல் டொராண்டோவில் 5 மணி 40 நிமிடத்தில் தம் உச்சத்தைத் தொட்டார். 2011-இல் நூறு வயதினராக அதே நகரில் மாரத்தானை முடித்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. காலனிய இந்தியக் கிராமத்தில் பிறந்தவருக்கு எங்கிருந்து கிடைக்கும் சான்றிதழ்? உலகச் சாதனை காகிதம் கேட்டது. தன்னுச்சம் கேட்கவில்லை.

அப்படியானால் கோபம் கொள்ள ஒன்றுமில்லையா? உண்டு, அது திரும்ப வேண்டிய திசை வேறு. பெருநகர ஓட்டம் ஒன்றில் பத்துக் கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்கும் மேல் கட்டணம். அதிகாலை இருட்டில் தனியே பயிற்சி செய்ய அஞ்சும் பெண்ணுக்கும், ஞாயிறும் வேலைக்குச் செல்லும் விடுதிச் சமையலருக்கும், இரவுக்காவல் முடித்து உறங்கப் போகும் காவலருக்கும் தன்னுச்சம் என்ற ஒன்று இருப்பதே தெரியவரப்போவதில்லை. ஓடி முடித்தவர்கள் வீசிய தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கும் தொழிலாளிக்கு அந்தத் தடத்தில் எண் இல்லை. கோட்பாட்டாளர்கள் அளவுகோலைச் சாடும் நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

கேட்பதோடு நிற்கவும் வேண்டியதில்லை. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகம் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். ஐதராபாத் பல்கலைக்கழக வளாகம் அதைவிடப் பெரியது. ஒழுங்காக அளந்த ஐந்து கிலோமீட்டர் தடம், ஒரு நிறுத்துக்கடிகாரம், முறைவைத்துப் பணியாற்றும் பத்துத் தன்னார்வலர்கள். இவ்வளவு போதும். வாரத்தில் ஒருநாள் காலையிலும் ஒருநாள் மாலையிலும், கட்டணமின்றி, மாணவருக்கும் பேராசிரியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் திறந்த ஓட்டம் நடக்கட்டும். முதல் மூவர் பட்டியல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரது நேரமும், அவரது முந்தைய நேரமும் மட்டும் எழுதித் தரப்படட்டும். ஐம்பது வயதில் முதன்முறையாக ஓடும் ஒரு விடுதிப் பணியாளர் 48 நிமிடத்திலிருந்து 46-க்கு வரும் நாளில், அவரிடம் போய் நவதாராளவாதம் பற்றி விளக்க முன்வருபவர் யார் என்று பார்ப்போம்.