பெட்டியில் அச்சிடப்படாத நாள்

நுழையும்முன்

மாத்திரை அட்டையிலும் பிஸ்கட் உறையிலும் இன்ன நாள்வரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாளைப் பார்த்து வாங்கும் பழக்கம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் திறன்பேசிக்கும் அப்படியொரு நாள் உண்டு. ஆனால், அதன் பெட்டியில் அந்த நாளைப் பெரும்பாலும் காண இயலாது. அது ஏன் அச்சிடப்பட வேண்டும் என்பதை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

புதுப்பிப்பு என்பது யாது?

திறன்பேசி என்பது கண்ணாடியும் உலோகமும் மின்கலமும் சேர்ந்த கருவி மட்டுமன்று. அதனை இயக்குவது இயங்குதளம் என்னும் மென்பொருளே ஆகும். பல இலட்சம் வரிகளில் எழுதப்படும் அம்மென்பொருளில் பிழைகள் நேர்வது இயல்பு. அவற்றுள் சில பிழைகள், அயலார் கருவிக்குள் நுழைவதற்கு வழியாக அமைந்துவிடுகின்றன. கருவி விற்பனையான பின்னரே அவற்றுள் பல வெளிப்படுகின்றன. பிழையைத் திருத்தி, திருத்திய பகுதியை இணையத்தின் வழியாகக் கருவிக்கு அனுப்புவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆகும். புதிய தோற்றத்தையும் புதிய வசதிகளையும் தரும் இயங்குதளப் பதிப்பு வேறு. பாதுகாப்புப் புதுப்பிப்பு வேறு. முன்னது கிடைக்காவிடினும் கருவியைப் பயன்படுத்தலாம். பின்னது நின்றுவிட்டால், பூட்டு பழுதான வீட்டில் குடியிருப்பதைப் போன்ற நிலை ஏற்படும்.

2015 ஆம் ஆண்டு ஜூலையில், ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஒலி, காணொலிக் கோப்புகளைக் கையாளும் பகுதியில் ஒரு பெரும்பிழை இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என அழைக்கப்பட்ட அப்பிழையைப் பயன்படுத்தி, ஒரு பல்லூடகக் குறுஞ்செய்தியை அனுப்பியே பிறருடைய கருவிக்குள் நுழைய முடியும் என்று அவர்கள் காட்டினர். ஏறத்தாழ 95 கோடிக் கருவிகள் இப்பிழைக்கு உள்ளாகியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. கூகுள் நிறுவனம் திருத்தத்தை ஆயத்தப்படுத்தியது. ஆனால், அத்திருத்தம் சில்லு தயாரிப்பாளர், திறன்பேசி நிறுவனம், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் எனப் பல கைகளைக் கடந்தே பயனாளரை அடைய வேண்டியிருந்தது. பழைய கருவிகள் பலவற்றை அது அடையவேயில்லை. இந்நிகழ்வை அடுத்தே, 2015 ஆகஸ்ட் முதல் மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கும் முறை தொடங்கியது.

இங்குக் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திருத்தம் வெளியானவுடன், அதனைப் பெறாத கருவிகளுக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலான ஆபத்து ஏற்படுகிறது. எங்கே பிழை இருந்தது என்பதை அத்திருத்தமே குற்றவாளிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கணினி உலகில் 2017 இல் நிகழ்ந்த ‘வான்னாகிரை’ தாக்குதல் இதற்குச் சான்றாகும். அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளை மே மாதத்தில் அந்த நச்சுநிரல் தாக்கியது. 150 நாடுகளுக்குமேல் அது பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிவைக்கப்பட்டன.

காலத்தை வரையறுப்பவர் யார்?

ஒரு கருவிக்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவது என்பதை அதனைத் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. ‘பழைய கருவிகளுக்குத் தொடர்ந்து வழங்குவது தொழில்நுட்ப அளவில் இயலாது’ என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்த விளக்கம். வரலாறு இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. 2015 இல் கூகுள் தன் நெக்சஸ் கருவிகளுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தது. அதே நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பிக்சல் 8 கருவிக்கு 7 ஆண்டுகள் என உறுதியளித்தது. சாம்சங் நிறுவனமும் 2024 இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே கால அளவை அறிவித்தது. 2013 இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை ஆப்பிள் வழங்கியது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபேர்ஃபோன் என்னும் சிறு நிறுவனம், 2015 இல் விற்கத் தொடங்கிய தன் இரண்டாம் கருவிக்குச் சில்லு தயாரிப்பாளரின் ஆதரவு நின்றபின்னரும், 2023 வரை புதுப்பிப்பு வழங்கியது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதையே இவை உணர்த்துகின்றன.

குறைந்த விலையும் குறைந்த காலமும்

நீண்டகால உறுதிமொழிகள் பெரும்பாலும் விலை உயர்ந்த கருவிகளுக்கே அளிக்கப்படுகின்றன. குறைந்த விலைக் கருவிகளுக்குக் கால அளவு குறைவு. சிலவற்றிற்கு அது வெளிப்படையாகக் கூறப்படுவதும் இல்லை. ஆனால், புதிய கருவியை அடிக்கடி வாங்க இயலாமல், ஒரே கருவியைப் பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்துபவர்கள் எளிய மக்களே. 2016 இல் யுபிஐ பணப்பரிமாற்ற முறை அறிமுகமான பிறகு, அவர்களுடைய வங்கிக் கணக்கும் அதே கருவிக்குள் வந்து சேர்ந்துள்ளது. காப்பதற்குச் சிறு சேமிப்பு மட்டுமே உள்ளவரிடம் காவல் குறைந்த கருவி இருப்பது நியாயமன்று.

காலத்தை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்பதும் சிக்கலுக்குரியது. ஒரு கருவி 2022 ஜனவரியில் 2 ஆண்டு உறுதிமொழியுடன் வெளிவருவதாகக் கொள்வோம். விலை குறைந்த பின்னர், 2023 ஜூலையில் ஒரு மாணவரின் தந்தை அதனை வாங்குகிறார். 2 ஆண்டுகள் என்பது வெளியீட்டு நாளிலிருந்து கணக்கிடப்பட்டால், அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6 மாதப் பாதுகாப்பு மட்டுமே. தள்ளுபடி விலையைக் கடைக்காரர் கூறுவார். எஞ்சியுள்ள காலத்தை எவரும் கூறுவதில்லை.

மறுப்பும் விடையும்

‘மக்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கருவியை மாற்றிவிடுகிறார்கள், பிறகு நீண்ட காலம் எதற்கு?’ என வினவுவோர் உளர். ஒருவர் மாற்றிய கருவி அழிந்துவிடுவதில்லை. அது வீட்டில் தம்பி தங்கையர் கைக்கோ, பழைய பொருள் சந்தை வழியாக மற்றொருவர் கைக்கோ செல்கிறது. ‘செலவு மிகும்; விலை உயரும்’ என்பது மற்றொரு வாதம். இது முற்றிலும் பொய்யன்று. ஒவ்வொரு கருவிக்கும் திருத்தத்தைப் பொருத்திச் சோதிக்க ஆள்வலிமையும் பணமும் தேவை. எனினும், விலையில் சிறிதளவு உயர்ந்து இரு மடங்கு காலம் உழைக்கும் கருவியே வாங்குபவருக்கு இலாபமாகும். மேலும், ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி அதன் தயாரிப்பின்போதே வெளியாகிவிடுகிறது. நன்கு இயங்கும் கருவியை மென்பொருள் குறையால் குப்பையில் எறிவது, அதற்காகத் தோண்டப்பட்ட கனிமங்களையும் சேர்த்து எறிவதாகும்.

சட்டத்தின் துணை

நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பான கான்சுமென்டன்பாண்ட், போதிய காலம் புதுப்பிப்பு வழங்கவில்லை என்று சாம்சங் நிறுவனத்தின்மீது 2016 இல் வழக்குத் தொடுத்தது. 2018 இல் அவ்வழக்கு தோல்வியுற்றது. ஆயினும், அவ்வமைப்பு எழுப்பிய வினா ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றி, 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திய விதி, 5 ஆண்டுக் கால அளவைக் கருவியின் வெளியீட்டு நாளிலிருந்து கணக்கிடவில்லை. அவ்வகைக் கருவியின் விற்பனைக்கு விடும் பணி முடிந்த நாளிலிருந்து கணக்கிடுகிறது. அக்காலம் முழுவதும் இயங்குதளப் புதுப்பிப்புகளைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால், ‘புதுப்பிப்பு வழங்கப்படுமாயின்’ என்னும் நிபந்தனையும் அவ்விதியில் இடம்பெற்றுள்ளது. ஒரு சொல் ஒரு சட்டத்தின் வலிமையைக் குறைத்துவிடக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்நாள்வரை கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டமாகியுள்ளது.

இந்தியாவிலும் இத்திசையில் முயற்சிகள் தொடங்கியுள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தை நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 இல் தொடங்கியது. கருவிகளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் குறியீடு குறித்து அத்துறை அமைத்த குழு, 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அக்குறியீட்டின் அளவுகோல்களுள் ஒன்றாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. பரிந்துரை வரவேற்கத்தக்கது, எனினும், அது கட்டாய விதியாக மாறும்போதே பயன் முழுமை பெறும்.

செய்ய வேண்டுவன

மூன்று செயல்கள் உடனடித் தேவை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கும் நாள், எல்லா விலைக் கருவிகளின் பெட்டியிலும் வாங்குபவரின் மொழியில் அச்சிடப்பட வேண்டும். கால அளவு, கடைசிக் கருவி விற்ற நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். குறைந்த விலைக் கருவிக்கும் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமேனும் நெடுங்காலம் தொடர வேண்டும்.

சட்டம் வரும்வரை மாணவர் செய்யக்கூடியதும் உண்டு. திறன்பேசியின் அமைப்புகள் பகுதியில், கடைசியாகப் பெற்ற பாதுகாப்புப் புதுப்பிப்பின் நாள் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் அந்நாளைப் பார்த்துப் பெற்றோருக்கு எடுத்துக்கூறலாம். நிலுவையில் உள்ள புதுப்பிப்பை நிறுவித் தரலாம். புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் வங்கிச் செயலியை வைத்திருக்க வேண்டா எனத் தாத்தா பாட்டிக்கு விளக்கலாம். அடுத்த முறை குடும்பத்துடன் கடைக்குச் செல்லும்போது, படக்கருவியின் திறனையும் விலையையும் கேட்பதற்குமுன், ‘இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும்?’ என்று கேட்கலாம். வாங்குவோர் பலரும் இவ்வினாவைக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் தயாரிப்போரும் விடை சொல்லியே ஆக வேண்டும்.