ஒன்றுமில்லை என்பவர்களுக்கு

நம்முடைய பிரயாணக் கட்டுரைக்காரர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சிட்னித் துறைமுகத்துக்கு நாலு பக்கமும், மெல்போர்ன் காப்பிக் கடைகளுக்கு இரண்டு பக்கமும் எழுதுகிறார்கள்; எழுதட்டும். அந்தத் தேசத்தின் தென்விளிம்பிலே, மேற்கே நார்ஸ்மனிலிருந்து கிழக்கே போர்ட் அகஸ்டா வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற எய்ர் நெடுஞ்சாலைக்கு வந்ததும், ஒரே வரியில் கணக்கை முடித்து விடுகிறார்கள்: 'இரண்டு நாள் கார் ஓட்டினோம், வழியில் ஒன்றுமில்லை.' அதற்குக் கீழே ஒரு புகைப்படம். மஞ்சள் பலகை, அதில் கறுப்பு வர்ணத்தில் ஓர் ஒட்டகம், வளை தோண்டி வாழும் வாம்பட் ஒன்று, ஒரு கங்காரு. பலகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கட்டுரையாசிரியர் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னித்து விடுவேன். அந்த ஒரு வரியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நானும் அந்தச் சாலையில் போனவன்தான். பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் தூரம் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் கிடக்கிறது. அதற்கும் ஒரு பலகை வைத்துப் பெருமைப்பட்டுக் கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த உப்புச் செடிகள், தலைக்கு மேல் அளவுக்கு மீறிய ஆகாயம். சில இடங்களில் சாலையின் மேலேயே வெள்ளைக் கோடுகள் தீட்டி, 'இது அவசரத்துக்கு விமானம் இறங்கும் இடம்' என்று எழுதியிருக்கிறது. 1928-ல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவைக்காக அந்த ஏற்பாடு. இன்னும் சில பலகைகள், தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்து என்று கெஞ்சுகின்றன. அந்திக் கருக்கலில் கங்காரு குறுக்கே பாய்ந்தால் காரும் கங்காருவும் சேர்ந்து போகும். ஆகவே, பலகைகளை நான் பழிக்க வரவில்லை. அவை உயிர் காப்பவை.

ஆனால் பலகை யாருக்காகப் பேசுகிறது? 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவனுக்காக. அவன் காருக்கு எது ஆபத்தோ அதை மட்டும் அது சொல்லும். பலகை சொல்லாததெல்லாம் அங்கே இல்லவே இல்லை என்று முடிவு கட்டுகிறாரே நம் கட்டுரையாசிரியர், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தச் சமவெளியின் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். நல்லர்பார்! ஏதோ அந்த மண்ணின் பழம்பெயர் போல ஒலிக்கிறது. வாஸ்தவத்தில் 1860-களில் டெலிஸர் என்ற சர்வேயர் லத்தீனில் ஒட்டுப்போட்ட சொல் அது. 'நல்லஸ்' என்றால் இல்லை. 'ஆர்பர்' என்றால் மரம். மரமில்லாதது! ஆனால் நெடுஞ்சாலையோ சமவெளியின் தென்கரையை ஒட்டிப் போகிறது. அதன் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் இனத்து மரங்கள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. மரம் அறவே இல்லாத தூரம் கொஞ்சம்தான். பெயரைப் படித்தவர்கள் மரத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர் இல்லை என்றும் சொல்வார்கள். 1841-ல் எட்வர்ட் ஜான் எய்ர் என்ற வெள்ளைக்காரர் அந்தக் கரையோரமாக மேற்கே நடந்தார். அவர் பெயர்தான் சாலைக்கு. வழியில் அந்த மண்ணின் ஜனங்கள் கடற்கரை மணலைத் தோண்டி, இதோ தண்ணீர் என்று காட்டினார்கள். அவரோடு கடைசி வரை நடந்து, பிரயாணத்தை முடித்தவர் வைலி என்ற ஆதிக்குடி இளைஞர். வரைபடத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருந்த இடத்தில் தண்ணீர் எங்கே என்று தெரிந்தவர்கள் குடியிருந்தார்கள். சாலை பெற்ற பெயர், அவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவருடையது.

பலகையில் நிற்கிற ஒட்டகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அந்த நாட்டுப் பிராணி அல்ல. போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கராச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போனது. கூடவே ஆப்கானியர்களும், பலூசிகளும், சிந்து, பஞ்சாப் தேசத்தவர்களும் ஒட்டகமோட்டிகளாகப் போனார்கள். உள்நாட்டுக்கு மூட்டை சுமந்தது அவர்கள் உழைப்பு. 1901-ல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்து வெள்ளையரல்லாதாருக்குக் கதவை அடைத்தது. லாரி வந்தபின் ஒட்டகத்தைக் காட்டில் அவிழ்த்து விட்டார்கள். இன்று ஒட்டகத்துக்குப் பலகை இருக்கிறது. அதை நடத்திக்கொண்டு போனவனைப் பற்றி, அவன் பிறந்த திசையிலிருந்து போகிற நாமாவது கேட்க வேண்டாமா?

இன்னும் கிழக்கே வந்தால் யலாட்டா. ஊர்ப்பெயரைப் பலகையில் படிக்கலாம். அந்த ஊர் ஏன் அங்கே வந்தது என்பதைப் பலகை சொல்லாது. வடக்கே பாலைவனத்தில் ஊல்டியா என்று ஓர் இடம். காலங்காலமாக ஜனங்கள் வந்து கூடிய நீர்ச்சுனை. 1952-ல் அங்கேயிருந்த பாதிரிமார் நிலையம் மூடப்பட்டது. செம்மண்ணில் பிறந்து வளர்ந்த அனங்கு மக்களை இந்தச் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள் விட்டு வந்த பூமியில் மரலிங்கா என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1956-லும் 1957-லும் பிரிட்டிஷ் சர்க்கார் ஏழு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. ஏன் அங்கே? அங்கேதான் ஒன்றுமில்லையே!

அங்கேயும் எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள், ஐயா, இங்கிலீஷில் வைத்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஜனங்கள் நடந்து திரியும் பூமியில்! 1957 மே மாதத்தில், ஒரு கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் குண்டு வெடித்த பள்ளத்தருகே தங்கியிருந்ததைச் சிப்பாய்கள் கண்டார்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்ட இடத்தில் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கியிருக்கிறது. 1980-களில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்த பிறகுதான் இந்த விஷயங்களெல்லாம் உலகத்தின் காதில் சரியாக விழுந்தன.

ஆகவே, அந்த ஒற்றை வரி வெறும் அசட்டுத்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நிலத்தை எடுத்துக்கொள்கிறவன் முதலில் அதை வெற்றிடம் என்று எழுதுகிறான். அந்தக் கண்டம் முழுவதையுமே யாருக்கும் சொந்தமில்லாத பூமியாகப் பாவித்த சட்டக் கொள்கைக்கும் ஒரு லத்தீன் பெயர் உண்டு: 'டெர்ரா நல்லியஸ்'. சமவெளியின் பெயரிலே இருக்கிற அதே 'இல்லை'தான் இங்கேயும். 1992-ல் மாபோ வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றமே அந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டது. நீதிபதிகள் கைவிட்டதை நம் கட்டுரையாசிரியர்கள் கையில் எடுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

'சுற்றிப் பார்க்கப் போனவனுக்கு இத்தனை சரித்திரம் எதற்கு?' என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சுண்ணாம்புத் தரைக்கு அடியிலே கூனல்டா என்று ஒரு குகை. இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் உள்ளே இறங்கிச் சிக்கிமுக்கிக் கல் வெட்டியிருக்கிறார்கள். ஈரச் சுவரில் விரலால் கோடுகள் இழுத்திருக்கிறார்கள். மிர்னிங் மக்களுக்கு அது புனிதமான இடம். அந்தக் கோடுகளின் மீதே எவனோ உள்ளே புகுந்து கிறுக்கிவிட்டான் என்று 2022-ல் செய்தி வந்தது. இங்கே ஒன்றுமில்லை என்று நம்பினவன்தானே அப்படிக் கிறுக்க முடியும்?

நமக்கு இந்த அலட்சியம் சற்றும் பொருந்தாது. வறண்ட நிலத்துக்குப் பாலை என்று பெயர் சூட்டி, அதற்கு ஒரு தெய்வமும் பறவையும் பறையும் வகுத்து வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பாலை வழியிலே மாண்டு போனவனின் பெயரைக் கல்லில் பொறித்து நட்டு, போகிறவன் நின்று படிக்கட்டும் என்று விட்டவர்கள். வழியில் எது இருந்தது என்று நின்று கேட்பதை இலக்கியமாக்கிய பாஷையிலே, 'வழியில் ஒன்றுமில்லை' என்று எழுதுவதற்குக் கை கூச வேண்டாமா?

பலகையில் இடம் இல்லை. உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பலகை, ஓடுகிறவனுக்காக எழுதப்பட்டது. உங்கள் வாசகனோ சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அவசரமில்லை. தெரிந்துகொண்டு எழுதுங்கள். அதற்கும் பொழுதில்லை என்றால், யோக்கியமாக ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள்: 'வழியில் நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போங்கள். அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.