டெட்ரோயிட்டை விழுங்கினது யூனியனா?

போன கிழமை ஹொஸ்டலில் ஒரு வாக்குவாதம். அரச ஊழியரின் பணிப்புறக்கணிப்பைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க, நண்பன் ஒருவன் சொன்னான்: "டெட்ரோயிட்டைப் பார். யூனியன்காரர் பென்சன், பென்சன் எண்டு கேட்டே ஒரு நகரத்தைத் திண்டு முடிச்சவங்கள்." இருந்தவை எல்லாரும் தலையாட்டிச்சினம். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

டெட்ரோயிட் 2013 யூலை 18 அன்று வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது உண்மை. கடன் ஏறத்தாழ 18 பில்லியன் டொலர். ஓய்வூதியமும் ஓய்வுபெற்றோரின் மருத்துவச் செலவும் அதில் பெரும் பங்கு என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத ஏலாது.

1950 இல் அந்த நகரத்தில் 18 இலட்சத்துக்கு மேல் சனம். 2010 இல் 7 இலட்சம் சொச்சம். இடையில் என்ன நடந்தது? கார்க் கம்பனிகள் தொழிற்சாலைகளைப் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் கொண்டுபோயின. வெள்ளையர் புறநகருக்குப் போயினர், வரியும் அவர்களோடு போனது. கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு வாங்கவே நெடுங்காலம் தடை இருந்தது. மிஞ்சின 7 இலட்சம் பேர், 18 இலட்சம் பேருக்காகப் போட்ட வீதியையும் குழாயையும் தெருவிளக்கையும் பராமரிக்க வேண்டி வந்தது. குப்பை அள்ளினவரும் பஸ் ஓட்டினவருமா தொழிற்சாலைகளைத் தூக்கிக்கொண்டு போனவை?

அந்த "கொழுத்த" பென்சன் எவ்வளவு தெரியுமா? பொது ஊழியர் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 19 ஆயிரம் டொலர். அமெரிக்காவில் அது அரைவயிற்றுச் சீவியம். பொலிஸாருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அந்த வேலைக்காக மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவும் கிடையாது.

சங்கங்கள் பிழையே விடவில்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஓய்வூதிய நிதியின் சபைகளில் அவர்களின் ஆட்களும் இருந்தினம். நல்ல இலாபம் வந்த வருடங்களில் அதைச் சேர்த்து வைக்காமல் "13 ஆவது காசோலை" எண்டு மேலதிகமாகப் பங்கிட்டது பொறுப்பில்லாத வேலை. அதைச் சங்கத்தை ஆதரிக்கிற நாங்கள்தான் முதலில் சொல்ல வேணும்.

ஆனால் 2005 இல் ஓய்வூதிய நிதியின் ஓட்டையை அடைக்க 1.4 பில்லியன் டொலர் கடன் வாங்கி, வட்டி ஏறும் எண்டு வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது நகர நிர்வாகம். 2008 நெருக்கடியில் வட்டி விழுந்தது. நகரம் பழைய உயர்ந்த வீதத்திலேயே கட்டியது. 2009 இல் சூதாட்ட விடுதிகளின் வரிவருமானத்தையும் பிணையாக வைத்தது. இது யூனியன் கேட்ட சம்பள உயர்வா?

மாநில அரசு நியமித்த அவசரகால முகாமையாளர் கெவின் ஓர்தான் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தவர். ஓய்வூதியத்தில் கைவைக்கக்கூடாது எண்டு மிச்சிகன் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கு. 2013 டிசம்பரில் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ், வங்குரோத்துச் சட்டத்தின் முன் அந்தப் பாதுகாப்பு செல்லாது எண்டு தீர்த்தார். பொது ஊழியரின் ஓய்வூதியத்தில் 4.5 வீதம் வெட்டு. விலைவாசிக்கேற்ற உயர்வு போச்சு. மருத்துவக் காப்புறுதியின் பெரும்பகுதியும் போச்சு. கடன் கொடுத்தவர்களும் இழந்தார்கள்தான், சிலர் வீதக்கணக்கில் இன்னும் கூட. ஆனால் நிதிநிறுவனம் நட்டத்தைக் கணக்கில் எழுதிப்போட்டு அடுத்த வியாபாரத்துக்குப் போகும். 75 வயதுக் கிழவி எந்த வேலைக்குப் போறது?

ஓய்வூதியம் பிச்சை இல்லை. இண்டைக்குச் சம்பளம் கூட்ட ஏலாது, வயது போனபிறகு தாறம் எண்டு சொல்லிப் பிற்போட்ட கூலி. வாக்குக் கொடுத்த மேயர் போயிடுவார். வேலை செய்தவர் கையேந்தி நிற்பார்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 2022 இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு கைவிரிச்சது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளிடமிருந்த ரூபாய்த் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளில்தான் கைவைச்சினம். தையல் ஃபக்டரியில நிக்கிற அக்காவின் சேமிப்பு அது.

அதால, அடுத்தமுறை யாரும் டெட்ரோயிட்டை உதாரணம் காட்டினால் தலையாட்ட முதல் கேளுங்கோ: அந்த ஊரில் இருந்து வேலையைக் கொண்டுபோனது யார்? வட்டியில் சூதாடினது யார்? கடைசியில் வாக்குறுதியை இழந்தது யார்?