இளையோர் புதினமும் திருத்தும் கையும்

இளையோர்க்குப் புதினம் எழுதுவோர் சிலர், முதல் வரைவு முடிந்தவுடன் செய்யும் வேலை ஒன்றுண்டு. அருஞ்சொற்களைக் களைந்தெறிவர்; சாவு வரும் இடத்தை அழிப்பர்; இயல்தோறும் ஓர் அறிவுரையைச் செருகுவர். இதற்குத் திருத்தம் என்று பெயரும் இடுவர்! இது திருத்தமன்று, படிக்கும் பிள்ளையின் அறிவைக் குறைத்து மதிப்பிடுதலே ஆகும்.

பின், திருத்தம் என்பதுதான் யாது?

அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. ஒயிட்டு எழுதிய 'சார்லட்டின் வலை' என்னும் புதினம் உருவான வரலாறு இதற்கு விடை கூறும். கொல்லப்படவிருக்கும் பன்றிக்குட்டி ஒன்றைச் சிலந்தியொன்று தன் வலையிற் சொற்களை நெய்து காக்கும் கதை அது. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒயிட்டு அதன் வரைவை முடித்துவிட்டார். ஆயினும் உடனே அச்சுக்கு விடுக்கவில்லை. எங்கோ குறையுள்ளது என்று உணர்ந்து, அதனை ஒதுக்கி வைத்தார். பின்னர் எடுத்து மீண்டும் எழுதினார். நூல் வெளிவந்தது 1952இல்.

குறை சொல்லில் இல்லை, நுழைவாயிலில் இருந்தது. முந்தைய வரைவுகள் சிலந்தியையோ தொழுவத்தையோ விரித்துரைத்துத் தொடங்கின. ஆங்கே படிக்கும் பிள்ளை கால் ஊன்றி நிற்க இடமில்லை. எனவே பெர்ன் என்னும் எட்டு அகவைச் சிறுமியைப் புதிதாகப் படைத்தார். மெலிந்து பிறந்த குட்டியைக் கொல்லக் கோடரியோடு செல்லும் தந்தையை அவள் தடுக்கும் இடத்தில் நூலைத் தொடங்கினார். முதற்பக்கத்திலேயே உயிர் ஒன்று ஊசலாடுகிறது. நூலைக் கீழே வைக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

அவர் நீக்காதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிலந்தி இறுதியில் இறக்கிறது. அச்சாவை அவர் மறைக்கவில்லை. அதன் முட்டைகளினின்று வெளிவரும் குஞ்சுகளை அதனை அடுத்து வைத்தார். அருஞ்சொல்லையும் அவர் அஞ்சவில்லை. சிலந்தி முதன்முதல் கூறும் வணக்கச் சொல்லே பன்றிக்குட்டிக்கு விளங்காத சொல். குட்டி பொருள் கேட்கிறது, சிலந்தி விளக்குகிறது, படிக்கும் பிள்ளையும் உடன் கற்கிறது. அடிக்குறிப்புக்கு அங்கு வேலையே இல்லை! கதை ஈர்த்து நிற்குமாயின் அருஞ்சொல்லோடு மல்லாடுவதைப் பிள்ளைகள் விரும்புவர் என்பது 1969ஆம் ஆண்டு நேர்காணலொன்றில் அவர் உரைத்த கருத்து.

"அருஞ்சொல் கண்டால் பிள்ளை நூலை மூடிவிடுமே" என்பார்க்கு ஒன்று கூறுவோம். கதை நகராத பக்கத்தில் பத்து அருஞ்சொற்களை அடுக்கினால் மூடத்தான் செய்யும். அது சொல்லின் குற்றமன்று. வைத்த இடத்தின் குற்றம். அச்சொற்களை எடுத்துவிட்டாலும் நகராத பக்கம் நகராது. மொழிமட்டும் மெலியும். மெலிந்த மொழியிலேயே பயின்ற பிள்ளை, வளர்ந்தபின் செறிந்த நூலைத் தொடத் தயங்கும். இழப்பு ஒரு நூலோடு முடிவதில்லை.

திருத்தும்போது கை நடுங்க வேண்டிய இடம் வேறு. நாமே விரும்பி எழுதிய விரிப்புரை கதையை மறித்து நிற்கிறதா? பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நாம் நின்று அறம் உரைக்கிறோமா? ஆமெனின், அவற்றை வெட்டுக! அதுவே கடினம், அதுவே திருத்தம்.

இளையோர்க்கு எழுதும் அன்பர்களே! வரைவைச் சில திங்கள் பெட்டியில் வையுங்கள். எடுத்துப் படிக்கும்போது உங்கள் கோடரி சொல்லின்மேல் விழ வேண்டா, சோர்வின்மேல் விழட்டும்!