சிவப்பு வர்ணம் தீயை அணைக்குமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் ரஸ்தாவில் வேங்கிக்கால் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த அக்கிராமம் இன்று ஜில்லா நிர்வாகத்தின் இருப்பிடமாகிவிட்டது. கலெக்டர் காரியாலயம் அங்கேதான் உள்ளது. அதைச் சுற்றிக் கடைகளும், தங்கும் விடுதிகளும், கல்யாண மண்டபங்களும், அடுக்கு வீடுகளும் எழும்பியிருக்கின்றன. ஊர் வளர்வதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், கட்டிடங்கள் உயர்ந்த அளவுக்கு அவற்றில் வசிப்பவர்களின் உயிரைப் பற்றிய கவலையும் உயர்ந்திருக்கிறதா என்று கேளாமலிருக்க முடியவில்லை.

பெரிய கட்டிடங்களின் முற்றத்திலும் மாடிப்படி ஓரத்திலும் சிவப்பு வர்ணம் பூசிய குழாய்கள் நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். இவற்றுக்கு ஹைட்ரண்டு என்று பெயர். தீப்பிடித்தால் இவற்றில் ஹோஸைப் பூட்டிச் சக்கரத்தைத் திருகித் தண்ணீர் பீச்ச வேண்டும். இதற்கென்றே தனித் தொட்டி உண்டு. குழாயில் அழுத்தம் குறையாமல் காக்க ஒரு சிறு பம்பும், தீயின்போது இயங்க ஒரு மின்சாரப் பம்பும், மின்சாரம் நின்றுவிட்டால் கைகொடுக்க ஒரு டீஸல் பம்பும் உண்டு. ஏற்பாடு மிகவும் நல்லது. ஆனால் ஏற்பாடு செய்த நாளோடு அதை மறந்துவிடுவதுதான் நமது வழக்கமாக இருக்கிறது.

சமீபத்தில் ஒரு வியாபாரக் கட்டிடத்துக்கு நாம் போயிருந்தபோது, அங்கிருந்த ஹைட்ரண்டைத் திறந்து காட்டுமாறு காவற்காரரைக் கேட்டோம். சக்கரம் அசையவில்லை. பெட்டியில் ஹோஸ் இருந்தது. அதன் மடிப்பு இற்றுப் போயிருந்தது. பித்தளை முனையைக் காணோம். டீஸல் இயந்திரத்தின் பாட்டரி செத்துக் கிடந்தது. தொட்டி நீரோ கோடையில் தோட்டத்துக்குப் போய்விட்டது. குழாயின் மேலிருந்த வர்ணம் மட்டும் புத்தம் புதிது! கட்டிடத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்டது அது ஒன்று மட்டுமே என்று நம்பவும் நமக்குத் தைரியமில்லை.

“சர்டிபிகேட் வாங்கிவிட்டோமே” என்பது சொந்தக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். சர்டிபிகேட்டைக் கண்டு தீ திரும்பிப் போவதில்லை. டில்லியில் உபஹார் சினிமாக் கொட்டகை பல வருஷங்களாகத் தற்காலிகப் பர்மிட்டுகளின் பேரிலேயே நடந்து வந்தது. 1997 ஜூன் 13-ந் தேதி அங்கே 59 பேர் மாண்டனர். உரிமையாளர்களின் குற்றத்தை உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதி செய்தது. கையில் காகிதம் இருப்பது வேறு, கடமையைச் செய்திருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா? கட்டிடங்களின் உட்புற ஹைட்ரண்டுகளுக்கான இந்தியத் தரவிதி 3844, வெளிப்புறத்துக்கானது 13039. இரண்டின் தலைப்பிலேயே பராமரிப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. பொருத்துவதோடு கடமை தீர்ந்துவிடுவதாக எந்த விதியும் சொல்லவில்லை.

“தீயணைப்புப் படை வந்துவிடாதா?” என்பது இரண்டாவது பதில். வருவார்கள், உயிரைப் பணயம் வைத்துப் போராடுவார்கள். ஆனால் பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லக்ஷக்கணக்கான ஜனங்கள் நிறைத்திருக்கையில், வண்டி எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை யோசிக்க வேண்டும். விடுதிகளில் கூட்டம் நிரம்பி வழிவதும் அந்நாட்களில்தான். வண்டி வருமுன் கட்டிடத்திலுள்ள ஹைட்ரண்டுதான் துணை. வந்த பிறகும், மேல் மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்ற வீரர்கள் அந்தக் குழாயையே நம்பியிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்? 1991 பிப்ரவரி 23-ந் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் 38 மாடிக் கட்டிடம் ஒன்றில் தீப்பிடித்தது. குழாய்கள் இருந்தன, தண்ணீரும் இருந்தது. ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் தவறாகத் திருகி வைக்கப்பட்டிருந்தபடியால், வீரர்களின் ஹோஸில் போதிய வேகம் வரவில்லை. மூன்று வீரர்கள் உயிர் நீத்தனர். தீ 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த தேசத்திலேயே, முன்கூட்டிச் சோதித்துப் பாராத ஒரு வால்வு இவ்வளவு கேடு செய்தது.

“செலவு ஆகிறதே, தண்ணீர் வீணாகிறதே” என்பது மூன்றாவது ஆட்சேபம். ஒரு வாஷருக்கும், சிறிது கிரீஸுக்கும், ஒரு பாட்டரிக்கும் ஆகும் செலவைக் கட்டிடத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சோதனை செய்யும் நீரை ஹோஸ் வழியாகத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். தண்ணீர் பஞ்சமுள்ள ஊருக்கு ஒரு நல்ல உபாயமும் உண்டு. வரும் நீர் முதலில் தீயணைப்புத் தொட்டியை நிரப்பட்டும். அது நிரம்பி வழிவது மட்டுமே வீட்டுத் தொட்டிக்குப் போகட்டும். அப்போது எந்தக் கோடையிலும் தீக்கென்று வைத்த நீரில் யாரும் கைவைக்க முடியாது.

தனியார் நிலத்தில் இருப்பதாலேயே ஹைட்ரண்டு தனியார் விவகாரம் ஆகிவிடாது. அடுத்த வீட்டுக்காரனும், வாடகைக்கு இருப்பவனும், ஓர் இரவு தங்கிச் செல்லும் யாத்ரீகனும் அதை நம்பியிருக்கிறார்கள். சொந்தக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே ‘இது யார் செலவு’ என்ற வழக்கு முடியும் வரை தீ காத்திருக்குமா? ரிப்பேர் செய்யும் பொறுப்பு சொந்தக்காரருடையது. அடுக்கு வீடுகளில் அது சங்கத்தினுடையது. செலவைப் பங்கிடும் விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தின் 2006-ம் வருஷச் சட்டப்படி, தீத்தடுப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இருப்பதாக வருஷந்தோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் லைசென்ஸ் பெற்ற நிபுணரின் சான்று கொடுத்தாக வேண்டும். இம்முறை இங்கும் வழக்கமாக வேண்டுமென்று நாம் கோருகிறோம். அச்சான்றின் தேதியை ஹைட்ரண்டு பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். வந்து போகிறவர்கள் படிக்கட்டும். மாதம் ஒருமுறை சக்கரத்தைத் திருகிப் பார்ப்பதும், பம்பை ஓட்டிப் பார்ப்பதும், குழாயின் எதிரில் மோட்டார்களை நிறுத்தாமல் காப்பதும் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டிய காரியங்களல்ல. இதற்குச் சர்க்கார் காரியாலயங்களே முதலில் வழிகாட்ட வேண்டும். கலெக்டர் காரியாலய வளாகத்தில் பொதுஜனங்களின் முன்னிலையில் ஒருநாள் ஹைட்ரண்டைத் திறந்து சோதித்துக் காட்டினால், வேங்கிக்காலின் மற்றக் கட்டிடக்காரர்கள் தாமே பின்பற்றுவார்கள்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் தமிழ்நாடெங்கும் பள்ளிக்கூடக் கூரைகளை அதிகாரிகள் அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொரு பாடத்துக்கு அத்தகைய விலை கொடுக்க நம்மால் ஆகாது. அக்கினி ஸ்தலமென்று தேசம் முழுவதும் கொண்டாடும் ஊர் இது. தீ மலையுச்சியில் தீபமாக எரிய வேண்டும். மாடி ஜன்னலில் எரியக் கூடாது. சொந்தக்காரர்கள் இன்றே தங்கள் கட்டிடத்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சென்று, அந்தச் சிவப்புச் சக்கரத்தைத் தங்கள் கையாலேயே ஒருமுறை திருகிப் பார்க்கட்டும். தண்ணீர் வந்தால் நிம்மதியாக உறங்கலாம். வராவிட்டால், நாளைக் காலையில் முதற் காரியம் அதுவே.